ஸ்டார்ட் ஆகாத காலை

ஸ்கூட்டர் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் மீட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டரை வோல்ட்.

விளக்கு எரிந்தது. ஹாரன் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் மட்டும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன திங்கட்கிழமை காலையும் இதே ‘டிக்’தான்.

அன்று அவளுக்கு வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி கடைசி வாய்ப்பு. அம்மாவுக்கு முடியாததால் முந்தின இரவு அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். வண்டியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, வாடகைக் கார் பிடித்துப் போய் இறங்கியபோது கேட்டை மூடி ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

வேலை கிடைத்தால் வெளியூர் போக வேண்டும். கணவனுக்கு அதில் இஷ்டமில்லை. முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான். அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த ஹால் டிக்கெட்டைக் கொடுக்க ஞாயிறு மாலை வந்தவன், வண்டியருகே குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தான் என்று அண்ணன்தான் சொன்னான். சொல்லும்போது அண்ணனுக்குக் கண் கலங்கியது.

கணவன் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

நாளைக்கு வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தாள். கையில் ஓர் ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் ஒரு மணி நேரமாகக் கால் கடுக்க மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்றாள்.

அவர் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை என்ஜின் மேலும் வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் பத்தைத் தாண்டியது. ஸ்டார்ட்டரிலிருந்து கரன்ட் திரும்பி வரும் வழியை மட்டும் ஏதோ அடைக்கிறது என்றார்.

என்ஜினில் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். ஒயர் முனையில் இருந்த வளையத்தின் இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் ஒரு பூச்சு. போல்ட்டிலும் அதே பூச்சு. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

“இது மோட்டார் காயிலுக்குப் பூசுற வார்னிஷ்மா, கரன்ட்டைத் தாண்ட விடாது. விவரம் தெரிஞ்ச ஆள்தான் செஞ்சிருக்கான்.”

அவள் கணவன் தையல்காரன். பியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுபவன்.

மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பது அண்ணன்.

மெக்கானிக் வளையத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினார். முதல் அழுத்தலிலேயே வண்டி கிளம்பிவிட்டது. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்போன் அடித்தது. அண்ணன்.

“எங்க இருக்க? அம்மா படுக்கையை நனைச்சுட்டாங்க. எனக்கு இதெல்லாம் கை வராது, உனக்குத் தெரியாதா? நீ இல்லாம ஒரு நாள் ஓடுமா இங்க? சீக்கிரம் வா.”

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“நீயே மாத்திவிடுண்ணா” என்றாள்.