உச்சிக்கல்

மாதா கோயிலின் பெரிய வளைவு எழும்பியதும், உச்சியில் கடைசிக் கல்லைச் செருகினார்கள். இருபுறத்துக் கற்களும் அதை நெருக்கின.

"தள்ளி உட்காருங்கண்ணே, மூச்சு முட்டுது. தாங்குறதுக்குத்தான் கீழே மரச்சாரம் இருக்கே!" என்று சிடுசிடுத்தது உச்சிக்கல்.

சுண்ணாம்பு இறுகியதும் கொத்தனார்கள் சாரத்தைப் பிரித்தார்கள். கீழே பனை உயரத்துக்கு வெறும் காற்று. உச்சிக்கல் அலறியது.

"ஐயோ, விழப்போறேன்!"

இருபுறத்துக் கற்களும் இறுக்கிப் பிடித்ததில் அது மயிரிழைகூட இறங்கவில்லை.

"இப்போ தள்ளி உட்காரட்டுமா, தம்பி?" என்றது இடப்பக்கத்துக் கல்.

"வேண்டாம்ணே, வேண்டாம்!"

முந்நூறு வருஷம் ஆயிற்று. பூசைக்கு வருகிறவர்கள் இன்றும் அண்ணாந்து வாய் பிளக்கிறார்கள்: "நடுவுல ஒரு தூண்கூட இல்லாம எப்படித்தான் நிக்குதோ!"

அப்போதெல்லாம் மேலே உச்சிக்கல் மெல்லக் கேட்கும்: "அண்ணே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருறீங்களா?"