முகம் தெரியாத விருந்தாளிகள்

இரண்டாவது துண்டு கேக்கையும் எடுத்து, டிஷ்யூ காகிதத்தில் மடித்து, தன் சின்னக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள் அந்தச் சிறுமி. அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்த இன்பராணிக்கு முகம் சுருங்கியது.

"பாத்தியா ஃபெலிசியா, வந்து கால் மணி நேரம் ஆகல, அதுக்குள்ள வீட்டுக்குத் தாப்பாவ் கட்டுது," என்றாள் நாத்தனாரிடம், குரலைத் தணித்து.

"கிறிஸ்துமஸ்தானே அண்ணி, விடுங்க. யாரு அவங்க?"

"உங்க அண்ணன் ஃபேக்டரி ஆளுங்களா இருக்கும். அந்தம்மா யூனிஃபார்மோடயே வந்திருக்கு பாரு."

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் பண்டிகை நாள் ஓப்பன் ஹவுஸ் என்றால் இப்படித்தான். வாசல் திறந்திருக்கும், வருகிறவர்களை யாரென்று கேட்பது மரியாதையில்லை. கணவனுக்குத் தெரிந்தவர்கள் என்று மனைவியும், மனைவிக்குத் தெரிந்தவர்கள் என்று கணவனும் நினைத்துக்கொண்டு பிரியாணியைப் பரிமாற வேண்டியதுதான். அவள் கணவன் செபஸ்தியனோ பாசிர் கூடாங் ஃபேக்டரியில் காலை ஷிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தான். "கூட்டாளிங்க வருவாங்க லா, நல்லா கவனிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வந்தவர்களையெல்லாம் அவள் நன்றாகத்தான் கவனித்தாள். மகன் ஒருவனைத்தான் மாடியறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள்.

கால்வினுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடமாகிறது. போன கிறிஸ்துமஸில் அவன் ஓடிவந்த வேகத்தில் மேசை விரிப்பு காலில் சிக்கி, ஆட்டுக்கறிக் குழம்பு முழுவதும் பங்குச் சாமியாரின் வெள்ளை அங்கியில் கொட்டியது. சாமியார் சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, இன்பராணிதான் அன்றைக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

அதனால் இந்த வருடம் அவன் கையில் டேப்லெட்டைக் கொடுத்து மாடியில் உட்கார வைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "குளுவாங்ல மாமா வீட்டுக்குப் போயிருக்கான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வரவேற்பறைக் குடிலில் படுத்திருந்த பாலன் இயேசுவுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் அந்தப் பொய் வாயில் வந்தது.

"அதான் வீடு இவ்ளோ நிம்மதியா இருக்கு," என்றார் கோயில் பாடற்குழுவில் பாடும் ஐயாசாமி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்த வாயை மூடியபோது நாக்கு கசந்தது.

காலையில் பிள்ளை கேட்கத்தான் செய்தான்.

"அம்மா, இன்னிக்கு மட்டும் நான் கீழ இருக்கேம்மா. ஏன்னா..."

"அம்மா பேசிக்கிட்டு இருக்கேன்ல? ஒருத்தவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு டீச்சர் எத்தன தடவ சொல்லிக் கொடுத்தாங்க?"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, தன் முறை வரட்டும் என்று அவன் காத்திருந்தான். இவள் பேசி முடித்தாள், கதவைச் சாத்தினாள், இறங்கி வந்துவிட்டாள்.

அந்த டீச்சர், சனிக்கிழமைதோறும் ஜொகூர் பாருவில் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழகச் சொல்லித் தருகிறவர். "வகுப்பு மட்டும் பத்தாதும்மா," என்று அவர் சொல்லியிருந்தார். "ஒரே ஒரு பிள்ளைய வீட்டுக்குக் கூப்பிடுங்க. கொஞ்ச நேரம் சேந்து விளையாடட்டும். பத்துப் பேர் வேணாம், ஒருத்தர் போதும்." இன்பராணியும் கால்வின் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்களைக் கேட்டுப் பார்த்தாள். "பாக்கலாம் லா" என்று இழுத்தார்கள். அதன்பிறகு கேட்பதற்கே வெட்கமாகப் போய்விட்டது.

சிறுமியின் தாய் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. மகன் எங்க, காணோமே?"

எல்லாரும் கேட்பதுதானே. "குளுவாங் போயிருக்கான், மாமா வீட்டுக்கு."

"இன்னிக்கா?" என்றாள் சிறுமி.

அந்த நேரம் பார்த்து மாடியில் ஏதோ தடாலென்று விழுந்தது.

"பூனை," என்றாள் இன்பராணி. "பக்கத்து வீட்டுது. ஜன்னல் வழியா வந்துரும்."

சிறுமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். தாய் அவள் தோளை மெல்ல அழுத்தினாள். "சரிக்கா, நாங்க கெளம்புறோம்."

"அதுக்குள்ளயா? அவரு மூணு மணிக்கு வந்துருவாரு."

"இல்லக்கா, இருக்கட்டும்."

கேக்கை எடுத்ததைப் பார்த்து முகம் சுளித்தது அப்போதுதான் இன்பராணிக்கு உறுத்தியது. ஒரு பை நிறைய முறுக்கை அள்ளிக்கொண்டு கேட் வரை பின்னாலேயே போனாள்.

"அவரு வந்ததும் சொல்றேன். ஒங்க பேரு என்னம்மா?"

"கஸ்தூரி. இவ ஷர்மினி."

"செபஸ்தியனோட ஒரே ஷிஃப்டா?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி தலையை நிமிர்த்தவில்லை. "ஒங்க வீட்டுக்காரர எனக்குத் தெரியாதுக்கா."

"அப்ப எங்க ஃபெலிசியாவுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லக்கா."

இன்பராணி முறுக்குப் பையை நீட்டிய கையோடு நின்றாள். யாரையுமே தெரியாமல் சாப்பாட்டுக்கென்று நுழைந்தவர்களா? மேற்கொண்டு கேட்டால் பாவம், பிள்ளை முன்னால் அந்தப் பெண்ணுக்கு மானக்கேடு ஆகிவிடுமே என்று அவர்களுக்காக இவள் கூசினாள்.

ஷர்மினி மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். பிறகு இன்பராணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல கால்வின்தான் எங்கள வரச் சொன்னான், ஆன்ட்டி."