இரவல் ஊசி

துப்பாக்கி சுடும் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இருபது நிமிடமே இருந்தது. நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லவோனின் ரைஃபிளில், தோட்டாவை அடிக்கும் ஊசி உடைந்துவிட்டது.

“என் ரைஃபிள்ல இருந்து கழட்டிப் போடறேன்,” என்று கருவிப்பெட்டியைத் திறந்தார் கிளெம்.

“உங்களது பழசாச்சே, பொருந்துமா?”

“ஒரே மாடல்தானே? ஊசி பொருந்தும். நெம்புகோலை மாத்தினாத்தான் தகராறு. அது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியா அரம் போட்டுச் சேர்த்தது.”

“பேசாம உங்க ரைஃபிளையே குடுங்களேன்.”

“அதோட தோள்ல வைக்கிற கட்டை உன் கைக்கு நீளம். தோத்துட்டு அதையே சாக்கு சொல்லுவ.”

ஊசியைப் பொருத்தியதும், காலிக் குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, உள்ளே ஒரு பென்சிலைப் போட்டு விசையை இழுத்தார். பென்சில் துள்ளி வெளியே பாய்ந்தது.

“பாத்தியா? இந்த அடி போதும், தோட்டா வெடிச்சிடும்.”

லவோன் ரைஃபிளை வாங்கிக்கொண்டாள். அதற்குள் ஒலிபெருக்கி அலறியது.

“முதலில் சுடுபவர் லவோன். அவரை எதிர்த்து அடுத்துச் சுடுபவர், மூன்று வருடமாக வயோமிங் மாநில சாம்பியன், கிளெம்!”

கிளெம் திருப்புளியைக் கீழே வைக்கவே இல்லை.

“சுட்டு முடிச்சதும் ஓடி வந்துடு. ஊசியத் திரும்ப என் ரைஃபிள்ல மாட்ட அஞ்சு நிமிஷம் ஆகும். அப்புறம் உன்னத் தோக்கடிக்கணும்ல?”