இறக்கத்துக்குப் பாரம்

மலைச்சந்தையில் காய்கறியை இறக்கிவிட்டுப் பார்த்தபோது, செல்வக்கனியின் மின்சார ஆட்டோவில் சார்ஜ் நான்கு சதவீதம்தான் மிச்சமிருந்தது. மேலே சார்ஜ் போட வழியில்லை. அடிவாரத்திலிருந்து வீடு இன்னும் எட்டு கிலோமீட்டர். அங்கே அவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்.

“பேட்டரிய நம்பி மலையேறுனா இப்படித்தான்” என்று சிரித்தார் பக்கத்தில் நின்ற தாவீது. அவருடைய இருபது வருஷத்துக் காரும் அன்று ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் இருப்பது அடிவாரத்தில்.

“அண்ணாச்சி, உங்க எடை என்ன?”

“தொண்ணூத்தஞ்சு கிலோ. ஏன், எனக்குப் பொண்ணு பாக்கியா?”

“ஏறுங்க. உங்க கார் டிக்கியில கெடக்குற உருளைக்கிழங்கு மூட்டையையும் ஏத்துங்க. இறக்கத்துல சக்கரம் மோட்டாரச் சுத்தும், மோட்டார் பேட்டரிக்குக் கரண்டு குடுக்கும். பாரம் கூடுனா கரண்டும் கூடும்.”

முதல் வளைவில் நான்கு நான்காகவே இருந்தது. ஐந்தாவது வளைவில் ஐந்தானது. தாவீது மீட்டரில் ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் ஒன்பது. வீடுவரை அது போதும் என்று செல்வக்கனி வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“இறங்கிக்கோங்க அண்ணாச்சி. சமதரையில நீங்க சுமை.”

மூட்டையோடு இறங்கிய தாவீது மெக்கானிக் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. சத்தமில்லாமல் நகர்ந்த வண்டியைப் பார்த்துக் கத்தினார்:

“தாயீ, நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்குவ?”