பொண்ணு பாடுமா?

சமையலறைக் கதவின் பின்னால் வரதன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவன் ரங்கூனில் மர மில்லில் வேலை பார்ப்பதாகக் கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்களிடம் மாமா ஜம்புலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆவும்மா. கப்பல்ல வரணுமில்ல?"

சொந்த வீட்டில் திருடனைப் போல ஒளிந்திருப்பதில் வரதனுக்கு வருத்தமில்லை. தங்கை தாட்சாயிணியை இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து பார்க்க வந்தார்கள். அண்ணன்காரன் நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் கட்டுகிறவன் என்று தெரிந்ததும், மோர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி இரண்டாந்தாரம்தான் என்று மாமா சொல்லிவிட்டார்.

பதினைந்து வயதில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் குரல் உடைந்தது. வரதனுக்கு மட்டும் உடையவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கம்பெனியில் அவன்தான் கதாநாயகி. காஞ்சிபுரத்தில் பாடுவது பெண்தான் என்று பந்தயம் கட்டியவர்கள், மறுநாள் காலை அவன் சவரம் செய்துகொள்வதைப் பார்த்த பிறகே நம்பினார்கள்.

தாட்சாயிணி கூடத்துக்கு வந்து கும்பிட்டாள். திருநின்றவூர் மாப்பிள்ளை மணவாளன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான், காது சிவந்திருந்தது. அவனுடைய அம்மா பொன்னம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். அதிகம் பேசாதவள். வந்ததிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பொண்ணு பாடுமா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேட்டுட்டே? குயிலு தோத்துப் பூடும்!" என்றார் மாமா.

வெற்றிலை மெல்லுவதைப் பொன்னம்மாள் அப்படியே நிறுத்தினாள். கதவிடுக்கு வழியே வரதன் அதைக் கவனித்தான். கேட்கத் தயாராகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"கூச்சப்படுது. உள்ள இருந்து பாடட்டும்" என்று மாமா அவசரமாகச் சொன்னார்.

தாட்சாயிணி உள்ளே ஓடி வந்தாள். அவள் பாட வாயைத் திறந்தால் கிணற்று ராட்டினம் சுற்றுகிற சத்தம்தான் வரும்.

"அண்ணா, கொட்டாய்ல பாடுறாப்ல பாடாதே. மாவு ஆட்டிகினு பாடுற பொண்ணாட்டம் பாடு."

"அந்தப் பார்ட்டும் போட்டுகீறேன்டி. சும்மா இரு."

அம்மன் மேல் ஒரு பாட்டை எடுத்தான். முதல் இரண்டு அடி அடக்கமாகத்தான் போயிற்று. மூன்றாவது அடியில் குரல் அவனைக் கேட்காமல் மேலே ஏறியது. கொட்டகையே கைதட்டும் இடம் அது. தாட்சாயிணி அவன் கையைக் கிள்ளினாள். அவனால் நிறுத்த முடியவில்லை. உச்சியில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அண்ணனும் தங்கையும் அதைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள்.

"அண்ணே, நெசத்தைச் சொல்லு" என்றாள் பொன்னம்மாள். "பாடினது இந்தப் பொண்ணுதானா?"

வரதன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவ்வளவு மேலே போயிருக்கக் கூடாது.

"இதுல இன்னாம்மா சந்தேகம்?"

"ஊட்ல வேற யாரும் இல்லியே? அத்தை, சித்தி, பக்கத்து ஊட்டுக்காரி... யாராச்சும்?"

"யாரும் இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணே."

"மாங்காட்டு அம்மன் மேல சத்தியம்!" மாமா தரையில் ஓங்கி அடித்தார். "எங்க பொண்ணு பாடினதுதான். வேற யாருக்கு இந்தத் தொண்டை வரும்?"

பொன்னம்மாள் மெல்லத் தலையசைத்தாள். வரதன் கண்ணை மூடிக்கொண்டான். கிள்ளிய இடத்தைத் தாட்சாயிணி மெல்லத் தடவிக்கொடுத்தாள். நம்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவன் கட்டிய வேஷங்களிலேயே இதுதான் நன்றாக அமைந்தது என்று தோன்றியது.

பொன்னம்மாள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். மகனையும் எழுந்திருக்கச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"எங்க ஊட்டுக்குப் பாட்டுக்காரி வாணாண்ணே. வேற யாராச்சும் பாடியிருந்தா, இந்தப் பொண்ணையே எடுத்திருப்பேன்."