இந்த வீட்டில் பர்மனென்ட்

"பையன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார் குழந்தைவேல், நாற்காலியில் உட்காரும் முன்பே.

நெய்வேலிப் பக்கம் மாப்பிள்ளையின் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். தரகர் சின்னதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை நாளும் "மைன்ஸ்ல வேலை" என்று பொதுவாகச் சொல்லியே சமாளித்து வந்தவர் அவர்.

"கான்ட்ராக்ட்டுதாண்ணே" என்றாள் கண்ணகி, காபியை நீட்டியபடி. "எட்டு வருசமா போய்க்கினு இருக்கான். இன்னும் பர்மனென்ட் ஆவுல. மூடி மறைச்சு என்ன ஆவப்போவுது?"

அவள் மகன் மணிமாறன் பக்கத்தில் நின்றிருந்தான். பெண் சத்யப்பிரியாவைக் கோயிலில் வைத்துப் பார்த்துப் பத்து நாள் ஆகிறது. அவனுக்கும் பிடித்துவிட்டது, அவளுக்கும் பிடித்துவிட்டது. இன்று அவளுடைய அப்பா குழந்தைவேல் மாப்பிள்ளை வீடு பார்க்க வடக்குத்து கிராமத்துக்கு வந்திருக்கிறார். அவர் தலையாட்டினால் தை மாதம் கல்யாணம். ஆட்டாவிட்டால் அவ்வளவுதான். 'ஒரே பொண்ணு, ரொம்பச் செல்லம், பாத்துப் பேசுங்க' என்று சின்னதுரை முன்பே எச்சரித்திருந்தார்.

குழந்தைவேல் காபியைத் தொடவில்லை. எழுந்து, யாரும் வழிகாட்டாமலே ஹாலைத் தாண்டிப் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள்.

"என்னம்மா இது, சொவுரு வளைஞ்சிக்கினு போவுது?"

வளைந்துதான் போனது. அங்கே நின்ற பெரிய பலாமரத்துக்கு இடம் விட்டுச் சுவர் உள்ளே ஒதுங்கியிருந்தது. ஒரு கிளைக்காகச் சன்ஷேடிலும் ஒரு துண்டு குறைத்திருந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு ரிடையராகி குவார்ட்டர்ஸ காலி பண்ணப்ப இந்த மனைய வாங்கினோம்ணே. அப்பவே மரம் இருந்துச்சு. வேருக்கு ஆறடி விட்டுத்தான் கடக்கால் தோண்டுனோம். மேஸ்திரி எங்கள அடிக்காத கொறைதான். இவங்கப்பா இப்ப இல்ல. ஆனா கடைசி வரைக்கும் இதுங்கீழதான் கட்டில் போட்டுப் படுப்பாரு."

"ஒரு பெட்ரூம் போச்சே!"

"போச்சுதான். ஆனா இந்த வூட்ல மரந்தாண்ணே பர்மனென்ட். நாங்கல்லாம் கான்ட்ராக்ட்டு."

சின்னதுரை வாய்விட்டுச் சிரித்தார். குழந்தைவேல் சிரிக்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சொளை செவப்பாத்தான இருக்கும்?"

"ஆமாண்ணே! எப்டிக் கண்டுபுடிச்சீங்க?"

"பண்ருட்டிப் பக்கத்து ஆளுக்குப் பலா தெரியாதா?" என்று சின்னதுரை முந்திக்கொண்டார். பேச்சு பழத்துக்கு வந்ததில் அவருக்கு நிம்மதி.

அந்த நிம்மதி அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"சரி, விசயத்துக்கு வர்றேன்" என்றார் குழந்தைவேல். "கான்ட்ராக்ட்டா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். ஆனா எம்பொண்ணுக்குத் தனி ரூம் வேணும். இந்த மரத்த எடுத்துட்டு இங்க ஒரு பெட்ரூம் போட்டுருங்க. தையிலயே கல்யாணத்த முடிச்சிரலாம்."

கண்ணகி மகனைப் பார்த்தாள். சின்னதுரை அவன் காதருகே குனிந்தார். "சரின்னு சொல்லுப்பா. ஒரு மரத்துக்கோசரம் பொண்ண வுட்றாத."

மணிமாறனுக்குக் கோயில் பிரகாரத்தில் சத்யப்பிரியா தலைகுனிந்து சிரித்தது கண்முன் வந்து நின்றது.

"மாடியில ரூம் போட்டுத் தர்றேங்க. மரத்துல கை வைக்க முடியாது."

"அப்ப எம்பொண்ணு வேணாமா?"

"வேணுங்க." அவன் கைகூப்பினான். "ஆனா இத நட்டவரு யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அந்த மனுசன் ஒரு பழமாவது தின்னாரோ என்னமோ. நாங்க வருசா வருசம் தின்னுக்கினு இருக்கோம். நாளைக்கு எம்புள்ளைங்க திங்கணும், அதுங்க புள்ளைங்க திங்கணும். அத என்னோட நிறுத்திர முடியாதுங்க. மன்னிச்சிக்குங்க."

சின்னதுரை தலையில் கைவைத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைவேல் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"தங்கச்சி, நெசத்தச் சொல்லிர்றேன். தெருவுல திரும்புற வரைக்கும் நான் மாப்ள வூடு பாக்கத்தான் வந்தேன். இந்த வாசல்ல எறங்குனதுக்கு அப்புறம் எதுவும் ஓடல. என் மூத்த பொண்ணு எப்டி இருக்கான்னு பாக்கத்தான் உள்ள வந்தேன்."

"மூத்த பொண்ணா?" கண்ணகி திடுக்கிட்டுத் தரகரைப் பார்த்தாள். "ஒரே பொண்ணுன்னு சொன்னீங்க?"

"ஒரே பொண்ணுதாம்மா! சத்தியமா!" என்று அலறினார் சின்னதுரை.

குழந்தைவேல் பலாமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஒரு காலத்துல இது என் மனை. சத்யப்பிரியா பொறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இவள நட்டேன். அப்பாவோட வைத்தியத்துக்கு மனைய விக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு கை மாறி உங்ககிட்ட வந்திருக்கு. வெட்டியிருப்பாங்கன்னு நெனச்சு இத்தன வருசமா இந்தத் தெரு பக்கமே நான் வரல. இப்ப எடுக்கச் சொன்னது உங்க மனசப் பாக்கத்தான்."

அவர் கண் கலங்க மணிமாறனின் தோளைப் பற்றினார்.

"மூத்தவள இப்டி வெச்சிப் பாத்துக்கற வூட்டுக்கு எளையவள அனுப்ப நான் எதுக்கு யோசிக்கணும், மாப்ள?"