போகப் பத்து, வர முப்பது

ஓடுகிற எக்ஸ்பிரஸ் ரயிலை நடந்தே தோற்கடித்தவன், திருச்சி ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

நம்ப வேண்டாம். என் மனைவி பானுமதியும் நம்பவில்லை. இத்தனைக்கும் அவள் அந்த ரயிலில்தான் இருந்தாள்.

எல்லாம் இருபது ரூபாயால் வந்தது.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் ஸ்டேஷனுக்கு ரயிலில் போவோம். பஸ் படி எனக்கு ஆகாது. காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் என்னை முறுக்கிப் பிழிவார்கள். பிறகு நாலு மணி பாசஞ்சரில் திரும்புவோம்.

அன்று பிழிந்து முடிக்க நேரமாகிவிட்டது. நாலு மணி வண்டி போய்விட்டது.

அடுத்தது ஐந்தரைக்கு. ஆளுக்கு முப்பது ரூபாய் என்றார் டிக்கெட் கவுண்டரில் இருந்த டெல்பின் என்ற பெண்.

காலையில் வரும்போது பத்து. அதே தண்டவாளம், அதே காவிரி, அதே நான்.

"ஏம்மா, ஸ்ரீரங்கம் என்ன மேட்டுலயா இருக்கு? இழுத்துக்கிட்டுப் போறதுக்கு இருபது ரூபாய் ஜாஸ்தியா?"

"காலையில நீங்க வந்தது பாசஞ்சர், சார். இது எக்ஸ்பிரஸ். ஒரே ஒரு ஸ்டேஷன் போனாலும் முப்பதுதான். எட்டரைக்கு ஒரு பாசஞ்சர் இருக்கு, அதுல பத்துதான்."

"நாலு மணிக்குப் பத்து, அஞ்சரைக்கு முப்பது, எட்டரைக்கு மறுபடி பத்து! டிக்கெட் விக்கிறீங்களா, மல்லிகைப்பூ விக்கிறீங்களா?"

கைத்தடியால் கவுண்டர் பலகையை ஒரு தட்டுத் தட்டினேன். லால்குடி வரைக்கும் கேட்டிருக்கும்.

வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். டெல்பின் மட்டும் சிரித்தார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பானுமதி என்னை ஒதுக்கிவிட்டு அறுபது ரூபாயை நீட்டினாள்.

"எனக்கு எடுக்காதே. நான் நடந்தே போறேன்."

"நடந்தா? தெருமுனைப் பால் பூத் வரைக்கும் போக முடியல, காவிரியைத் தாண்டப் போறீங்களாக்கும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் எங்கள் மகள் மலர்க்கொடியின் குரலும் எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வண்டியோடு வருகிறாள். வீட்டைப் பூட்டி, எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்பாவால் நாலடி நடக்க முடியவில்லை என்பது அவள் வாதம். அதற்குச் சாட்சி, இதோ நிற்கிற பானுமதி.

விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். பின்னால் அவள் எதையோ சொல்லிக் கத்தினாள். நான் திரும்பவில்லை.

கோபத்தில் எவ்வளவு வேகம் என்று கேட்காதீர்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு ஆட்டோக்களை முந்தினேன். மூன்றாவது ஆட்டோக்காரர் அவராகவே ஒதுங்கிக்கொண்டார்.

காவிரிப் பாலத்தில் பாதி வரும்போது கிழக்கே பார்த்தேன். ரயில் பாலத்தின் மேல், முப்பது ரூபாய் எக்ஸ்பிரஸ் சிக்னலுக்காக அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் பதிலுக்கு ஆட்டினார்கள்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நான் மூச்சு வாங்கி, சட்டை காய்ந்து, தூண் ஓரமாக நின்றபோது ரயில் வந்தது. நொண்டிக்கொண்டு வந்தது என்றுதான் சொல்வேன்.

பானுமதி இரண்டு கையும் நிறையச் சாமானோடு இறங்கினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. இன்ஜினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்டோவுல வந்துட்டு நிக்கிறீங்க."

"நூத்தம்பது ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுக்கிறவன் முப்பதுக்கு ஏன்டி சண்டை போடுறான்?"

அவள் நேராக என் சட்டைப் பையில் கையை விட்டாள். காலையில் வாங்கிய பத்து ரூபாய் டிக்கெட் வியர்வையில் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. என் பர்ஸ் எப்போதும்போல அவள் பையில்தான் இருந்தது.

வீடு வரைக்கும் நான்தான் முன்னால் நடந்தேன்.

வாசலில் பூட்டைத் திறக்கும்போது மகளிடமிருந்து போன். எத்தனை பெட்டி கட்டியாயிற்று என்று கேட்டாள்.

பானுமதி என் காலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டியெல்லாம் வேணாம் மலரு. நீ மட்டும் வந்து சாப்பிட்டுட்டுப் போ. உங்கப்பா டவுன் ஸ்டேஷன்லேருந்து நடந்துதான் வந்தார். ஆட்டோவுக்குக் கையில காசும் இல்ல, எனக்குத் தெரியும்டி. கவுண்டர்ல மறந்து விட்டுட்டுப் போன கைத்தடியை நான்தான் தூக்கிட்டு வந்தேன்."